மே ஐ சாரும் நாற்பதடி டிரெய்லரும்

ஐயா, அம்மா, இன்றைக்கு நான் உங்களுக்கு அறிமுகம் செய்யப்போவது 'மே ஐ' இனம். எதிரில் நிற்பவர் என்ன சொல்கிறார் என்பது இந்த இனத்தின் காதில் விழாது. எப்படிச் சொல்கிறார் என்பது மட்டும்தான் விழும். வீடு பத்தி எரியுது என்று மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னால், 'பத்தி' இல்லை, 'பற்றி' என்று நிறுத்தித் திருத்திவிட்டுத்தான் எந்த வீடு என்று கேட்கும். கல்யாணப் பந்தியிலும் பேங்க் வரிசையிலும் குடும்ப வாட்ஸப் குழுவிலும் இதைப் பார்க்கலாம். ஆனால் இது கொழுத்து வளர்வதென்னவோ ஆரம்பப் பள்ளியில்தான். அங்கே எதிர்த்துப் பேச ஆள் ஏது?

எங்கள் பள்ளி காலடிப்பேட்டையில் இருக்கிறது. மாடியில் நான்காம் வகுப்புக்கு அருள்நாதன் சார் ஆங்கிலம் எடுக்கிறார். ஐந்தாம் வகுப்புக்கு நான் தமிழ். நடுவே ஒரு தட்டி. ஆகையால் அவருடைய பதினோரு வருட ஆங்கிலத்தையும் ஃபீஸ் கட்டாமல் கேட்டவன் நான்.

'கேன்' என்றால் திறமை, 'மே' என்றால் அனுமதி, 'வில்' என்றால் நிச்சயம். இந்த மூன்றையும் மூன்று கலர் சாக்பீஸில் எழுதிவைத்து, தினமும் பிள்ளைகளைக் கோரஸாகச் சொல்லவைப்பார். முதல் நாள் 'கேன்' என்றால் என்ன என்று அவர் கேட்டபோது, ஒரு பையன் எழுந்து "இருவது லிட்டரு சார்" என்றான். தண்ணீர் கேன் போடுபவரின் பிள்ளை, வேறென்ன சொல்வான்? அன்று முழுக்க அவனை நிற்கவைத்தார்.

பாத்ரூம் போக ஒரு பிள்ளை கையைத் தூக்கி "கேன் ஐ கோ சார்?" என்றதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "போக முடியுமான்னு என்னைக் கேட்டா? உன் காலு, உனக்குத் தெரியாதா?" என்பார். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார், பதினோரு வருடமாகப் புதிதாகச் சிரிப்பதுபோல. பிள்ளை இரண்டு காலையும் பின்னிக்கொண்டு, 'மே ஐ' எந்தச் சந்தில் ஒளிந்திருக்கிறது என்று தேடும். கிடைத்தால் போகலாம். கிடைக்காவிட்டால் ஆயா புஷ்பவல்லி வாளியும் துடைப்பமுமாக மாடியேறி வருவார். "போவட்டா சார்?" என்று அதே பிள்ளை தமிழில் எவ்வளவு அழகாகக் கேட்கிறது! அந்த 'ட்டா'வில் இல்லாத அனுமதியா, இல்லாத பணிவா? ஆனால் ஆங்கிலப் பீரியடில் தமிழுக்குத் தடை.

இத்தனை கறாரான மனிதருக்கும் ஒரு செல்லம் உண்டு. போன கிறிஸ்துமஸுக்கு வாங்கிய ஸ்கூட்டர். பின்னால் உட்கார்ந்தால் வழுக்குகிறது என்று அவர் மனைவி மகிமா எத்தனையோ தடவை சொல்லியும் சீட்டின் பிளாஸ்டிக் உறையை பிரிக்கவில்லை. பாடம் நடத்தும்போதே ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்க வசதியாக, கீழே சந்தில் விளக்குக் கம்பத்தை ஒட்டி நிறுத்துவார். பிள்ளைகள் யாரும் தொடக்கூடாது.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, இரண்டாம் பீரியட். துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் வழக்கம்போல மெயின் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்க, அதில் ஒன்று குறுக்கு வழி என்று நம்பி எங்கள் சந்துக்குள் நுழைந்து, மேற்கொண்டு போக முடியாமல் ரிவர்ஸ் எடுத்தது. நாற்பதடி கண்டெய்னர். ஜன்னலோர பெஞ்சில் இருந்த கார்குழலி எழுந்தாள். அவள் அப்பா சின்னப்பையனும் இதேபோல ஒரு டிரெய்லர் டிரைவர்.

"சார், கீய லாரி..."

"இங்கிலீஷ்."

"லாரி கேன் கம் சார்."

"லாரிக்குத் திறமை இருக்கான்னா கேட்டேன்?"

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"லாரி மே கம் சார்."

"யார்கிட்ட அனுமதி கேக்குது? என்கிட்டயா? நான் குடுக்கல."

பாவம், அவள் சொன்னது சரிதான். நடக்கக்கூடியதைச் சொல்லவும் 'மே' உண்டு. அது பாடப் புத்தகத்தின் அடுத்த பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்துக்கு அவர் வியாழக்கிழமைதான் போவார்.

"லாரி வில் கம் சார்!"

"வில்னா நிச்சயம். நீ என்ன ஜோசியக்காரியா?"

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "எங்கப்பா டிரெய்லரு ஓட்டுது சார். தல அந்தாண்ட போனா வாலு இந்தாண்ட வரும் சார். உங்க வண்டி..."

தமிழ் பேசியதற்காகப் பெஞ்சின் மேல் ஏறி நிற்கச் சொன்னார். ஏறி நின்றாள். அங்கிருந்து இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கும்.

முதலில் பிளாஸ்டிக் நொறுங்கியது, பிறகு இரும்பு நசுங்கியது. அருள்நாதன் சார் என்ன சத்தம் என்று கேட்டார். பெஞ்சின் மேலிருந்து கார்குழலி பதில் சொன்னாள்.

"லாரி கேம் சார்."

ஒரு பிழை கிடையாது. திருத்த எதுவுமில்லாமல் அவர் படியில் உருண்டு புரண்டு ஓடினார். சீட் உறை மட்டும் கிழியாமல் இருந்தது. டிரைவர் இறங்கித் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். "மேலேர்ந்து யார்னா ஒரு கொரலு குட்த்திருக்கலாமே சார்" என்றார். அருள்நாதன் சார் மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். கார்குழலி இன்னும் பெஞ்சின் மேலேயே நின்றிருந்தாள், இறங்கச் சொல்லி யாரும் அனுமதி கொடுக்கவில்லையே.

மறுநாள் ஒரு பிள்ளை "கேன் ஐ கோ சார்?" என்று கேட்டது. தட்டிக்கு அந்தப் பக்கம் அருள்நாதன் சார் தமிழிலேயே "போம்மா" என்றார். அது வெள்ளிக்கிழமை வரை நீடித்தது. திங்கட்கிழமை 'உன் காலு, உனக்குத் தெரியாதா' திரும்பி வந்துவிட்டது.

இவ்வளவையும் தட்டிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்ட நீ ஏன் ஒரு குரல் கொடுக்கவில்லை என்கிறீர்கள். நியாயமான கேள்வி. என் வகுப்பிலும் ஜன்னல் உண்டு. அதே நேரம் என் மாணவன் வல்லரசு எழுந்து, "ஐயா, அர்ள்நாதன் சார் வண்டிய லாரி இட்சிரும், கீய போய் சொல்லட்டா?" என்று கேட்டான்.

"கீய இல்லடா, கீழே. நாக்கை மடிச்சு ழ சொல்லு" என்றேன்.

மூன்றாவது தடவை சுத்தமாகச் சொன்னான். அதற்குள் வண்டியும் கீழே.

போகட்டும், நீங்கள் எங்கள் ஜாதி இல்லை, அப்படித்தானே? சந்தோஷம். இந்தக் கட்டுரையில் ஓரிடத்தில் வேண்டுமென்றே ஓர் ஒற்றெழுத்தை விட்டிருக்கிறேன். அதை முன்பே கண்டுபிடித்து, அதற்குப் பிறகு நான் சொன்ன எதுவும் காதில் ஏறாமல் உட்கார்ந்திருந்தீர்களா? இல்லை, இப்போது தேடக் கிளம்புகிறீர்களா? தாராளமாகத் தேடுங்கள். அதற்கு முன் ஜன்னல் வழியாகக் கீழே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிடுங்கள். உங்கள் வண்டியை எங்கே நிறுத்தியிருக்கிறீர்கள்?