பன்னிரண்டாவது மரத்து எலி

ஒரு காட்டில் எலி பிடிக்கத் தெரியாத கீரி ஒன்று இருந்தது. பெயர் அறவாழி. மற்றக் கீரிகள் பாய்ச்சல் பழகிய வயதில் அது கணக்குப் பழகிவிட்டது. அவை தின்று மிச்சம் வைத்ததைத் தின்று, காட்டுச் சபையில் ஆலோசகராகக் காலம் தள்ளியது. எலி சம்பந்தமாக எந்த மனு வந்தாலும் அறவாழியிடம்தான் போகும். கீரியாயிற்றே, தெரியாமலா இருக்கும் என்று சபை நம்பியது.

அந்தக் காட்டு ஓடைக்கரையில் மரங்கள் வரிசையாக நிற்கும். நடுவில் ஆலமரம். அங்கிருந்து மேற்கே பன்னிரண்டாவது மரம் ஓர் இலுப்பை. அதன் பொந்தில் நாச்சியார் என்கிற அணில் விதை சேர்த்து வந்தது. தீப்பிடித்து மலைச்சரிவு முழுக்கக் கரியாகிப்போன நாளிலிருந்து வேம்பும் புங்கமும் நாவலுமாகப் பொறுக்கிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு வருஷம் பொறுக்கினால் சரிவு முழுக்க விதைத்துவிடலாம்.

அப்போதுதான் ஆலமரத்தடியில் ஓர் எலி குடியேறியது. நாச்சியார் சபைக்கு ஓடி, பொந்தைச் சுற்றித் தகரம் அடித்துத் தரும்படி மனுக் கொடுத்தது. மூன்று படிவம், இரண்டு வரிசை, நடுவில் ஒரு மதிய இடைவேளை. எல்லாம் தாண்டி மனு அறவாழியிடம் வந்தது.

அறவாழி ஒரு மாதம் அந்த எலியைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தது. எட்டிப் பிடித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அது குறிப்பெடுத்தது. எலி ஒரு மாதத்தில் வளர்ந்து ஒருமுறை குட்டி போடுகிறது. பாம்புக்கும் பருந்துக்கும் போக, தாய்க்குச் சராசரி இரண்டு பிழைக்கின்றன. பிழைத்த ஒவ்வொன்றும் ஒரு மரம் தள்ளிக் குடிபோகிறது. கிழக்கா மேற்கா என்பதற்குக் காரணம் எதுவும் கிடையாது. கிளம்பும்போது மூக்கு எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம்.

பிறகு நாச்சியாரைக் கூப்பிட்டு விளக்கியது. கிழக்கும் மேற்கும் சமமாக இருப்பதால் எலிகள் சராசரியாக ஆலமரத்தடியில்தான் இருக்கும். இப்படி முன்னும் பின்னுமாக அலைகிற ஒரு வம்சம் பன்னிரண்டு மரம் நகர நூற்று நாற்பத்து நான்கு தலைமுறை பிடிக்கும். அதாவது பன்னிரண்டு வருஷம்.

"அது ஒரு வம்சத்துக்கு அய்யா," என்றது நாச்சியார். "குட்டிங்க பெருகிக்கிட்டே போகுமே?"

"எத்தனை பெருகினாலும் சராசரி மாறாதும்மா."

அது உண்மை. அறவாழி அதை இரண்டு பக்கத்துக்கு நிரூபித்தும் வைத்திருந்தது. தகரம் தேவையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது.

பதினான்காவது மாதம் நாச்சியார் வந்து வாசலில் நின்றது. கையில் ஒரு வெறும் வேப்பங்கொட்டைத் தோல் இருந்தது.

மரங்களை எண்ணியதில் அணிலுக்குத்தான் தப்பு வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே அறவாழி கிளம்பியது. போகும்போது ஒரு தடவை எண்ணியது. திரும்பி வந்து இன்னொரு தடவை எண்ணியது. பன்னிரண்டுதான். பொந்துக்குள் தோல் குவியலின் மேல் ஓர் எலி வயிறு முட்டப் படுத்திருந்தது.

ஆலமரத்திலிருந்து எப்படி இவ்வளவு சீக்கிரம் வந்தாய் என்று அறவாழி கேட்டது. எலிக்கு ஆலமரம் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. அது பக்கத்து மரத்தில் பிறந்ததாம். அதன் அம்மா அதற்கு முந்தின மரமாம். வம்சத்தில் யாரோ ஒருவர் மட்டும் ஒருமுறை ஒரு மரம் பின்னால் போனதாகப் பேச்சு உண்டாம். மற்றபடி எல்லோரும் இந்தப் பக்கமாகவே வந்திருக்கிறார்கள். இலுப்பையில் விதை இருப்பது வந்து சேரும் வரை யாருக்கும் தெரியாது.

"அதெப்படி வேற யாருமே திரும்பிப் போகல?"

"திரும்பிப் போனவங்க இங்க வந்திருக்க மாட்டாங்களேங்க," என்றது எலி.

அறவாழிக்கு அப்போதுதான் புரிந்தது. தான் கணக்குப் போட்டது ஏதோ ஒரு வம்சத்துக்கு. ஆயிரக்கணக்கான எலிகள் மூக்கைத் திருப்பினால், அநேகமாக எல்லா முறையும் மேற்கே திரும்பின ஒன்று எப்படியும் இருக்கும். விதையைத் தின்ன அந்த ஒன்று போதும். அணில் இதைத்தான் கேட்டது. இரண்டு பக்க நிரூபணத்தைக் காட்டி அதன் வாயை அடைத்தாயிற்று.

ரோஷம் வந்து, வாழ்க்கையில் முதல்முறையாக எலி பிடிக்க முடிவு செய்தது. எலி இடது பக்கம் ஓடலாம், வலது பக்கமும் ஓடலாம், இரண்டும் சமம். எனவே சரியாக நடுவில் பாய்ந்தது. மூக்கு மரத்தில் மோதி வீங்கியது. எலி எந்தப் பக்கம் போனது என்றுகூட அது பார்க்கவில்லை.

மறுநாள் விசாரணை. மூக்கில் பச்சிலைக் கட்டோடு எழுந்து நின்று, தப்பு தன்னுடையதுதான், வேலையை விட்டுவிடுகிறேன் என்றது அறவாழி. சபைத் தலைவர் சடையன் என்கிற கரடி கையமர்த்தியது. காட்டு எலிகள் எல்லாவற்றையும் எண்ணச் சொல்லியிருந்தார்களாம். பதினாறாயிரத்துச் சொச்சம். இருக்கிற இடங்களைக் கூட்டிச் சராசரி பார்த்தால், சொல்லி வைத்ததுபோல ஆலமரத்தடி.

"நீங்க சொன்னது இம்மி பிசகல. அந்த ஒரு எலி தப்பான இடத்துல இருந்தா அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றது சடையன்.

சபை கைதட்டியது. உண்மையைச் சொல்ல அறவாழி வாயெடுத்தது. கைதட்டல் ஓயட்டும் என்று காத்திருந்தது. அந்தச் சத்தம் காதுக்கு இதமாக இருந்ததும் ஒரு காரணம். ஓய்ந்தபோது தலைமை ஆலோசகருக்கான மாலை கழுத்தில் விழுந்திருந்தது. ஆலமரத்தைச் சுற்றித் தகரம் அடிக்க உத்தரவானது. நாச்சியாரின் மனுவில் 'சராசரியாகத் தீர்க்கப்பட்டது' என்று முத்திரை குத்தினார்கள். நாச்சியார் அறவாழியின் முகத்தைப் பார்த்தது. அறவாழி மாலையிலிருந்த பூக்களை எண்ண ஆரம்பித்தது.

அந்த வருஷம் நல்ல மழை. மலைச்சரிவிலிருந்து கரி கரைந்து ஓடையில் கறுப்பாக ஓடியது.

நீதி: எலி வருகிற இடத்தில் தகரம் அடிக்காதீர்கள், சராசரி எலி இருக்கிற இடத்தில் அடியுங்கள். காடு போனாலும் கணக்கு நிற்கும்.