காண்டாமிருகக் குட்டிக்காக ஒரு மொட்டை

வேலை போனவனைக் கைப்பேசியோடு தனியாக விடக் கூடாது. ஒரகடத்தில் நான் தர ஆய்வாளராக இருந்த கார் தொழிற்சாலையை மூடியபோது எனக்குக் கல்யாணமும் ஆகியிருக்கவில்லை (தள்ளிப்போட்டதெல்லாம் பெண் வீட்டார்தான்). வடக்குப்பட்டு வீட்டில் படுத்தபடி பார்த்த ஒரு வீடியோவில், வேட்டைக்காரர்களிடம் தாயைப் பறிகொடுத்த காண்டாமிருகக் குட்டிக்கு யாரோ பாட்டிலில் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தென்னாப்பிரிக்காவில் ஒரு வனவிலங்குக் காப்பகம், தன்னார்வலர்கள் தேவையாம். எனக்கு அந்தக் குட்டியைவிட என்மேல்தான் பரிதாபம் அதிகமாக இருந்தது. விண்ணப்பித்துவிட்டேன்.

சம்பளம் கிடையாது, சாப்பாட்டுக்கும் நாம்தான் கட்ட வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். நிலத்தைத் தொழிற்பேட்டைக்குக் கொடுத்துவிட்டு, வல்லம் வடகாலில் ஒரு கம்பெனி வாசலில் காவலுக்கு நிற்பவர் அவர்.

"காசு குடுத்து வேல செய்யப் போறியா? இன்னாடா கம்பெனி அது?" என்றார்.

அம்மா ஊரெல்லாம் ஃபாரின் வேலை என்று சொல்லிவிட்டு, என் பெட்டியில் தேங்காய் எண்ணெயை அடுக்கினாள்.

காப்பகத்தில் நான் சிங்கத்தைப் பார்க்கவே இல்லை. முட்செடி வெட்டினேன், சாணம் அள்ளினேன். பிறகு ஒரு குட்டிக்குப் பால் கொடுக்கும் வேலை வந்தது. குட்டிகளுக்குப் பொறுப்பாளரான லெராட்டோ என்ற பெண்மணி, அதனோடு பேசக் கூடாது, தடவக் கூடாது, மனிதனிடம் ஒட்டிக்கொண்டால் அது காட்டில் பிழைக்காது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நானும் அப்படியே நடந்தேன். குட்டிதான் நடக்கவில்லை. பாலைக் குடித்து முடித்ததும் என் தலையை நக்கத் தொடங்கிவிடும்.

அதை மற்றக் குட்டிகளோடு பெரிய வேலிக்குள் சேர்க்கும் நாள் வந்தது. நன்கொடையாளர்கள் கேமராக்களோடு நின்றார்கள். கதவைத் திறந்தார்கள். குட்டி உள்ளே எட்டிப் பார்த்தது, திரும்பியது, கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்து ஓடிவந்தது. (குட்டி என்றால் நம்மூர் எருமை அளவு.) நான் சேற்றுக்குழியில் மல்லாந்து விழுந்தேன். அது மேலே நின்று நிதானமாக என் தலையை நக்கியது. யாரோ ஒரு வெள்ளைக்காரர் கை தட்டினார்.

லெராட்டோ குனிந்து என் தலையை மோந்து பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஷாம்பு எத்தனையோ போட்டுப் பார்த்தோம். பிறந்ததிலிருந்து அம்மா தேய்த்த எண்ணெய் அது, போகவில்லை. கடைசியில் ஆட்டு ரோமம் வெட்டும் மெஷினால் மழித்துவிட்டார்கள்.

மறுநாள் குட்டி வந்து என் மொட்டைத் தலையை மோந்தது. பிறகு யாரோ என்பதுபோல் என்னைத் தாண்டிப் போய் மற்றக் குட்டிகளோடு நின்றுகொண்டது. எல்லோரும் எனக்குக் கை கொடுத்தார்கள். தொழிற்சாலை மூடிய அன்று அழாத நான், குளியலறைக்குள் போய் அழுதேன்.

முடி வளர்வதற்குள் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. மீனம்பாக்கத்தில் என்னைப் பார்த்ததும் அம்மா வாய்விட்டு அழுதாள். எங்கள் வீட்டில் சாமிக்கு வேண்டுதல் இல்லாமல் மொட்டை என்றால் அதற்கு ஒரே காரணம்தான். அந்தக் காரணம் அவள் பக்கத்திலேயே வெள்ளைச் சட்டை போட்டு நின்றுகொண்டிருந்தது.

"நான் உசுரோடதானடா கீறேன்," என்றார் அப்பா. "யாருக்கு எடுத்துக்கினு வந்த?"

சொன்னேன். செம்பரம்பாக்கம் ஏரி தாண்டும்வரை அவர் என் தலையையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். அதன்பிறகு எதற்குச் சண்டை வந்தாலும், எனக்குச் செய்ய வேண்டியதை முன்னாடியே செய்துவிட்டாய், இனி உன்னை எதற்கும் கேட்க மாட்டேன் என்பார்.

அடுத்த மழைக்காலத்தில் அப்பா நெஞ்சுவலியில் போய்விட்டார். ஏரிக்கரையில் எனக்குப் பாதித் தலை மழித்திருந்தபோது சித்தப்பா மெதுவாக, "அண்ணன் இருந்தா, ரெண்டாவது எதுக்குடான்னு கேட்டிருப்பாரு," என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை, அது அழுகையாக மாறி ஓயும்வரை நாவிதர் கத்தியை எடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

இப்போதும் திதிக்குச் சொந்தங்கள் கூடினால், படையல் முடிந்ததும் யாராவது அம்மாவிடம் அந்தக் கதையைக் கேட்பார்கள். அவளும் இலை போட்டுக்கொண்டே சொல்வாள்:

"எல்லாருக்கும் ஒரு மொட்டதான். எங்க வூட்டுக்காரருக்குத்தான் ரெண்டு. அதுல ஒண்ணு காண்டாமிருகத்தோட பங்குன்னு கடைசி வரைக்கும் அவருக்குக் கோவம்."