பால்சுறாப் புட்டும் தாய்மைப் பேரவையும்

பிள்ளை பெற்ற பெண்ணைத் தாங்குவதற்கென்றே ஆண்கள் மட்டும் சேர்ந்து ஓர் அமைப்பு கண்ட முதல் ஊர், இந்தப் பூமிப்பந்தில் எங்கள் ஊர்தான். பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவில் இருக்கிறது. பஸ் நிற்காது. ஆனாலும் பெருமைக்குக் குறைவில்லை.

அப்போது மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையோரம் கட்டிக் கிடந்தன. கிழிந்த வலையைத் தைத்தாயிற்று. கிழியாத வலையையும் ஒருமுறை தைத்தாயிற்று. அந்த நேரத்தில்தான் இமானுவேல் அண்ணன் ஒரு மதியம் முழுக்க செல்போனில் பயிற்சி எடுத்து, 'தாய்மை வழித்துணைவர்' என்ற பட்டம் பெற்றார். பாதியிலேயே சார்ஜ் போய்விட்டது என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள். பட்டம் வந்துவிட்டது, அதுதானே முக்கியம்?

மறுநாளே 'தாய்மைப் பேரவை' உதயமானது. தலைவர் அவர். செயலாளர் அடியேன். உறுப்பினர்கள், சும்மா இருந்த அத்தனை பேரும். பெண்களைச் சேர்க்கவில்லை. அவர்களுக்கு வீட்டில் ஆயிரம் வேலை. நாம் வேறு சிரமம் கொடுக்கலாமா என்ற பரிவுதான் காரணம்.

முதல் 'பயனாளி' கிடைக்கத் தாமதமாகவில்லை. எங்கள் உறுப்பினர் கில்பர்ட்டின் மனைவி லீமாரோஸுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்திருந்தது. ஒத்தாசைக்கு அவள் அக்கா ஹெலன் வந்திருந்தாள். பிள்ளைக்குப் பால் போதவில்லை. அது அழுகிற அழுகை தெருமுனை வரை கேட்டது.

"பால்சுறாப் புட்டு ரெண்டு வேளை உள்ள போனா பால் தன்னால ஊறும். இப்ப மீனுக்கு எங்கன போக?" என்றாள் ஹெலன்.

கில்பர்ட் தனுஷ்கோடி வரை அலைந்து, ஒரு நாட்டுப்படகுக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஒன்றே ஒன்று வாங்கி வந்தான். முழங்கை நீளம்கூட இல்லை. செய்தி கேட்டதும் பேரவை அவசரமாகக் கூடியது. கூடிய இடம், கில்பர்ட் வீட்டு அடுப்படி வாசல்.

ஹெலன் சுறாவை அவித்து, தோலை உரித்து, முள்ளெடுத்து உதிர்த்தாள். பூண்டும் இஞ்சியும் சின்ன வெங்காயமும் நல்லெண்ணெயில் வதங்கியபோது வந்த வாசம் இருக்கிறதே, எங்கள் சேவை மனப்பான்மை அப்படியே பொங்கிவிட்டது. சட்டியை இறக்கி வைத்துவிட்டு அவள் பிள்ளைத் துணி அலசக் கொல்லைப் பக்கம் போனாள்.

"இருங்கப்பா," என்று தலைவர் கையை உயர்த்தினார். "பச்ச உடம்புக்காரி சாப்பிடுறது. உப்பு ஒரு கல்லு கூடினாலும் ஆகாது. பரிசோதனை பண்ணாம உள்ள அனுப்பக் கூடாது."

ஒரு வாய் போட்டார். கண்ணை மூடினார். "சரியா இருக்குற மாதிரிதான் தெரியுது. ஆனா உறுதியாச் சொல்ல முடியல."

இன்னொருவர் கருத்தையும் கேட்பதுதான் மருத்துவ முறை. சகாயவினோத் ஒரு கை அள்ளிப் பார்த்தான். "உப்பு ஓகேண்ணே. பூண்டு பத்துமான்னுதான் சந்தேகமா இருக்கு."

பூண்டை ஆராய என் தலைமையில் துணைக்குழு அமைந்தது. "மேலாப்புல பாத்துச் சொல்லக் கூடாதுண்ணே, நடுச்சட்டியில எடுக்கணும்" என்றான் சகாயவினோத். எடுத்தோம். மேல்சட்டிக்கும் நடுச்சட்டிக்கும் முடிவு வேறுபட்டதால் மீண்டும் எடுத்தோம். கில்பர்ட் மட்டும் ஒதுங்கி நின்றான். 'கணவனின் பங்களிப்பு' இல்லாத பராமரிப்பு முழுமை அடையாது என்று தலைவர் எடுத்துச் சொன்னதும், அவனும் அடிச்சட்டியைப் பரிசோதித்தான்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அக்கா, புட்டு ஆயிருச்சாக்கா? பசி உயிர் போகுது."

"உஸ்," என்றார் தலைவர். "யாரும் பதில் சொல்லாதீங்க. பிள்ளை பெத்தவகிட்டப் பேச்சுக் குடுத்து அலுப்பாக்கக் கூடாது. பயிற்சியில சொன்னாக."

அந்த மௌனத்தில்தான் எவ்வளவு கருணை! கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

சற்று நேரத்தில் லீமாரோஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு, அழுகிற பிள்ளையோடு வெளியே வந்துவிட்டாள். தலைவர் பதறிப்போனார்.

"என்ன தங்கச்சி இது! எந்திரிச்சு நடக்கலாமா? ஒனக்கு ஓய்வு வேணும்மா."

"சட்டியப் பாக்க வந்தேண்ணே."

பார்த்தாள். ஓரத்தில் ஒரு பூண்டுப் பல் ஒட்டியிருந்தது. பிறகு எங்கள் வாய்களைப் பார்த்தாள். கில்பர்ட்டின் மீசையில் ஒரு துணுக்கு இருந்தது. அதை மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தாள். எனக்கே சங்கடமாக இருந்தது.

"பத்தியம் எப்படிண்ணே இருந்துச்சு?"

"அருமை தங்கச்சி. ஒரு குறையும் இல்ல."

"அப்பச் சரி." பிள்ளையைத் தலைவர் மடியில் போட்டாள். "புட்டு திண்டவுகளுக்குத்தான பால் ஊறும்? ஆளுக்குக் கொஞ்சமாக் குடுங்க. நான் போயி ஓய்வெடுக்குறேன்."

உள்ளே போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள்.

பிள்ளை தலைவரிடமிருந்து சகாயவினோதுக்கு வந்தது, அவனிடமிருந்து எனக்கு வந்தது. என் சட்டையில் வாயை வைத்துத் தேடிப் பார்த்துவிட்டு முன்னைவிடப் பலமாக அழுதது. அதைப் பார்த்த கில்பர்ட், யார் முகத்தையும் பாராமல் மறுபடி தனுஷ்கோடிக்குக் கிளம்பினான். ஈரக் கையோடு ஓடி வந்த ஹெலன்தான் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு கதவைத் தட்டினாள். உள்ளே போகும்முன் எங்களைப் பார்த்து அவள் சொன்னது அச்சில் ஏறாது.

எனினும் பேரவையின் தொண்டு வீண்போகவில்லை. பாரம்பரியப் பத்தியத்தின் மகிமையால் அன்று மாலைக்குள் உறுப்பினர்கள் அத்தனை பேரும் உடம்பு தேறிவிட்டோம். பிள்ளை பெற்றவள் மட்டும்தான் பாக்கி.