பதினேழாம் பக்கத்து ஏழூர்க்காவலர்

புத்தூர்,
12.06.1968

நாலாம் வகுப்புத் தமிழ்ப் பயிற்சிப் புத்தகம் எழுதிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

புத்தூர் ஏழூர்க்காவலர் நாகலிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. சிவன் கிருபையால் இங்கு யாவரும் சுகம். தாங்களும் தங்கள் புத்தகமும் நெடுங்காலம் நிலைத்திருக்க வேண்டுகிறேன். தாங்கள் என்னை அறியமாட்டீர்கள். ஆனால் தங்கள் புண்ணியத்தில் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் என்னைத் தெரியும்.

ஏழூர்க்காவலர் என்பது எங்கள் பரம்பரைப் பெயர். குடாநாடு முழுக்கத் தேடினாலும் அந்தப் பெயருக்கு ஒரே வீடுதான், அது என் வீடு. யாருக்கும் இராத பெயர் என்று எண்ணித்தான் பதினேழாம் பக்கத்து வாக்கியப் பயிற்சியில் போட்டிருப்பீர்கள். "ஏழூர்க்காவலர் அயலவரின் வேலியைத் தள்ளிக் கட்டினார்." "ஏழூர்க்காவலர் நீதிமன்றத்தில் பொய் சொன்னார்." "ஏழூர்க்காவலர் தேங்காய் திருடவில்லை." மூன்றாவதுதான் ஐயா என்னைக் கொன்றது. கூட்டுறவுச் சங்கக்கடையில் நின்ற முத்துக்குமாரு, "களவெடுக்காத மனிசனைக் களவெடுக்கேல்லை எண்டு ஏன் அச்சடிக்கினம்? ஏதோ நடந்திருக்கு" என்று ஊரெல்லாம் கதைத்துவிட்டான்.

அந்த நேரம் பார்த்து என் மகள் குணலட்சுமிக்கு மானிப்பாயில் ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. முன்பு வந்த நாலும் தட்டிப் போனவை, இதுவும் போனால் என் மனைவி தங்கமுத்து என்னை வீட்டில் வைத்திருக்கமாட்டாள், நானோ கும்பிடாத கோயில் இல்லை, இப்படியிருக்க மாப்பிள்ளையின் தகப்பன் இராசநாயகம் எங்களைப் பற்றி விசாரிக்கப் பஸ்ஸில் வந்து பள்ளிக்கூடத்தடியில் இறங்க, உள்ளே நாற்பது பிள்ளைகள் ஒரே குரலில் பதினேழாம் பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் பக்கத்து வழக்கம் தாங்கள் அறிந்ததே. சம்பந்தம் விசாரிப்பவர்கள் இனசனத்திடம் கேட்கமாட்டார்கள், பகையாளியிடம் கேட்பார்கள். அவன்தான் ஒன்றையும் ஒளிக்கமாட்டான். இராசநாயகம் நேரே பக்கத்து வளவுக் கந்தப்பு அண்ணையிடம் போனார். கந்தப்பு அண்ணையும் நானும் பதினொரு வருஷமாக எல்லை வேலிக்குக் கோட்டில் வழக்காடுகிறோம், முகம் பார்த்துக் கதைப்பதில்லை. நான் வேலிக்கு இந்தப் பக்கம் கிடுகோடு கிடுகாக ஒட்டி நின்று கேட்டேன்.

"புத்தகத்திலை வாற ஏழூர்க்காவலர் உங்கடை அயலவரோ? வேலி தள்ளினவராமே?" என்றார் இராசநாயகம்.

கந்தப்பு அண்ணைக்கு வந்ததே கோபம்! "ஆர் சொன்னது? அந்த மனிசனுக்கு ஒரு வேலிக் கதியால் நேராய் நடத் தெரியாது. வேலியைத் தள்ளினது நான். நான் பாடுபட்டுத் தள்ளின வேலியை உந்தப் புத்தகக்காரங்கள் அந்தாளின்ரை பேரிலை அச்சடிச்சு வைச்சிருக்கிறாங்கள்! பெட்டை தங்கமான பிள்ளை. யோசியாமல் செய்யுங்கோ."

அன்றே சம்பந்தம் முற்றாகியது. வருகிற ஆவணியில் கல்யாணம். தாங்கள் அந்த வாக்கியத்தை எழுதாமல் விட்டிருந்தால் கந்தப்பு அண்ணைக்கு ரோசம் வந்திராது, என் பிள்ளைக்கு வாழ்வும் வந்திராது. ஆயுள் உள்ளவரை மறக்கமாட்டேன். ஒரே ஒரு விண்ணப்பம்: அடுத்த பதிப்பில் அந்தப் பெயரை எடுத்துவிடவும், உண்மை வெளியாகிவிட்டபடியால்.

தங்கள் வீட்டார் அனைவருக்கும் எங்கள் அன்பு. கல்யாணத்துக்குக் குடும்பமாக வந்து பிள்ளையை வாழ்த்தவும்.

இங்ஙனம்,
ஏ. நாகலிங்கம்

பி.கு.: உள்ளதை எழுதாமல் இக்கடிதத்தைத் தபாலில் போட விடமாட்டேன் என்று தங்கமுத்து நிற்கிறாள். வேலியைத் தள்ளிக் கட்டியது நான்தான். கோட்டில் இல்லையென்று பொய் சொன்னதும் நான்தான். நேற்று வேலியைப் பிடுங்கிப் பழைய எல்லையில் நட்டேன். கந்தப்பு அண்ணை வந்து வேலியின் மற்ற முனையைப் பிடித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆகவே என் பெயர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். தேங்காயை மட்டும் எடுத்துவிடுங்கள், அது சத்தியமாக நான் இல்லை. அந்த இடத்தில் இதைப் போடுங்கள், பிள்ளைகள் உரத்து வாசிக்கட்டும்: "கந்தப்பர் அயலவரின் மகளுக்காகப் பொய் சொன்னார்."