மலைக்காரனுக்கு எதற்கு ஃபேன்?

ஏற்காட்டு மலையில் எங்கள் வெள்ளக்கடை ஊரில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் என்னைப் பந்தல் போடக் கூப்பிடுவார்கள், நாற்காலி தூக்கக் கூப்பிடுவார்கள். கேமராப் பக்கம் மட்டும் அண்டவிடமாட்டார்கள். விடக் கூடாதுதான். நான் செய்து வைத்த காரியம் அப்படி.

நாலு வருடத்துக்கு முன்னால் என் வீட்டு முன்னறையில் நேரலை ஸ்டூடியோ ஒன்று வைத்திருந்தேன். (ஸ்டூடியோ என்றால் ஒரு மேஜை, இரண்டு கேமரா, சுவரில் ஆணியடித்து மாட்டிய நீலப் போர்வை.) சர்ச் ஆராதனை, கல்யாணம் எல்லாம் நெட்டில் விடுவேன். ஒரே கம்ப்யூட்டர்தான். கேமராக்களை மாற்றிக் காட்டுவதும் அதுதான், வெளியே அனுப்புவதும் அதுதான். அரை மணி நேரம் போனால் திணறும். பாஸ்டர் ஆமென் சொல்லி உட்கார்ந்த பிறகு ஆமென் கேட்கும். அனுப்பும் வேலைக்கென்று சின்னதாக இரண்டாவது கம்ப்யூட்டர் வாங்கச் சேலத்துக்கு இறங்கினேன்.

கடைக்காரர் டிபன் பாக்ஸ் அளவில் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்றுக்குள் ஃபேன் உண்டு. இன்னொன்றில் கிடையாது, சத்தமே வராது, பார்க்கவும் அழகு.

“ஏனுங்க, லைவுக்குன்னா ஃபேன் வெச்சதையே எடுத்துக்குங்க. மணிக்கணக்கா ஓடுனா இது சூடாயிருமுங்க,” என்றார்.

எனக்கு வந்ததே ஒரு மிதப்பு! கீழே இறங்கினாலே மலைக்காரனுக்கு வரும் மிதப்பு அது. “நாங்க ஏற்காட்டுக்காரங்க. எங்க ஊட்டுல சீலிங் ஃபேனே கெடையாதுங்க. சித்திரையிலயும் போத்திட்டுத்தான் படுப்போம். கம்ப்யூட்டருக்கு எதுக்குங்க ஃபேனு?” என்றேன். அவர் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு பில் போட்டார்.

இதோடு நின்றிருந்தாலும் தப்பித்திருப்பேன். எங்கள் ஊரில் மழைக்காலம் வந்தால் செருப்பு, பெல்ட், கல்யாணப் பட்டு எல்லாம் பூஞ்சை பூத்துவிடும். அதனால் அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிட்டுக் கதவைச் சாத்தி வைப்போம். என் கேமராக்களும் அதற்குள்தான் குடியிருந்தன. புதுப் பெட்டியையும் பல்புக்குப் பக்கத்திலேயே வைத்து, வயரை மட்டும் கதவிடுக்கு வழியாக வெளியே இழுத்துவிட்டேன். (பிள்ளைக்குச் சளி பிடிக்கக் கூடாதல்லவா!) பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தேன். அருமையாக ஓடியது.

அந்த ஐப்பசியில் பக்கத்து வீட்டு ரைட்டர் பெரியப்பா இறந்துபோனார். காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரியம்மா முன்பே போய்விட்டார். ஒரே மகள் மெர்சி அயர்லாந்தில் நர்ஸ். அவள் பாஸ்போர்ட் விசா புதுப்பிக்கப் போய் மாட்டிக்கொண்டிருந்தது. வர வழியில்லை.

ஃபோனில் அழுதாள். “வேற ஒண்ணும் வேண்டாங்கண்ணா. பெட்டிய மூடறதுக்கு முன்னால அப்பா மொகத்த மட்டும் ஒருக்கா நல்லாக் காட்டீருங்கண்ணா.”

“நீ கவலப்படாத கண்ணு. பக்கத்துல நின்னு பாக்கற மாதிரியே காட்டறேன்,” என்றேன்.

அவர்கள் வாசலில் ஃபோன் சிக்னல் எடுக்காது. நெட் என்றால் என் வீட்டு வைஃபைதான். பெரியப்பாவின் தங்கை, நாங்கள் அத்தை என்று கூப்பிடுகிறவர், ஃபோனோடு வந்தார். “சாமி, உங்க வைஃபைய குடு. நானும் வீடியோ காலு போட்டுப் புடிச்சுக்கறேன்.”

“வேண்டாங்கத்தை, எனக்கு நெட்டு பத்தாமப் போயிரும்,” என்று அவரை அனுப்பிவிட்டேன். அதோடு விட்டேனா? பாஸ்வேர்டை மாற்றி, வைஃபையில் இருந்த அத்தனை பேரையும் துரத்தினேன், பாவி.

பெரியப்பா வீட்டு வாசலில் கேமராவோடு என் மனைவி ஜெபா நின்றாள். ஜன்னல் வழியாக வந்த கேபிளின் இந்த முனையில், ஸ்டூடியோவில் நான். முகத்தைக் கடைசியில் கிட்டக் காட்டலாம் என்று அதுவரை பாஸ்டரையும் பாடுகிறவர்களையுமே காட்டினோம். இரண்டு மணி நேரம் பாட்டும் ஜெபமும் பிசிறில்லாமல் போயின. மூன்று மணிக்கு மேகம் கட்டியது. பாஸ்டர், “மொகம் பாக்கறவங்க வந்து பாத்துக்குங்க,” என்றார்.

நேராக ஜெபாவின் கேமராவைக் காட்டியிருக்க வேண்டும். காட்டினேனா? செய்தி வாசிப்பவன் மாதிரி நாலு வார்த்தை சொல்லிவிட்டுக் காட்டலாமே என்று, மேஜைக் கேமராவைப் போட்டு என் மூஞ்சியைக் காட்டினேன். “கண்ணீர் மல்கும் இவ்வேளையில்...” என்று வாயைத் திறந்தேன். நேரலை நின்றுவிட்டது.

அலமாரியைத் திறந்தால், இட்லிக் குண்டானைத் திறந்த மாதிரி முகத்தில் அனல். பெட்டியைத் தொட்ட விரல் பொத்துப்போனது. வீட்டில் ஃபேன் ஏது? சமையலறையிலிருந்து முறத்தைக் கொண்டுவந்து விசிறினேன். அசையவே இல்லை. ஜன்னலில் எட்டிப் பார்த்தால் அங்கே சவப்பெட்டியை மூட மூடியைத் தூக்குகிறார்கள்.

ஓடினேன். “மூடாதீங்க! ஐயோ, மூடாதீங்க!” கையில் முறம் வேறு. துக்கம் தாங்காமல் வருகிறேன் என்று நினைத்து இரண்டு பேர் என்னைக் கமுக்கட்டில் பிடித்து நிறுத்தினார்கள். “விடுங்க, மெர்சி இன்னும் பாக்கல!” என்று கத்தினேன். மெர்சி பேரைக் கேட்டதும் பெண்கள் ஓவென்று குரலெடுக்க, அதற்கு மேல் நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. “பெத்த மவனாட்ட அழுவுது பாரு,” என்றார் ஒரு அம்மா. மழை பிடித்துக்கொண்டது. குழிக்குள் தண்ணீர் இறங்கிவிடும் என்று அவசரமாக ஆணியடித்தார்கள். ஜெபா மட்டும் நனைந்துகொண்டு கேமராவை நகர்த்தாமல் நின்றாள், மெர்சி பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து.

பதிவாவது இருக்குமே என்பீர்கள். அந்தப் பொறுப்பையும் அலமாரி மகராசனிடம்தான் கொடுத்திருந்தேன். அத்தை எடுத்த ஃபோட்டோ ஒன்று இருந்தது. கூட்டம் இடித்ததில் பாதி நெற்றியும் ஒரு மாலையும்தான் தெரிந்தன.

அடுத்த மே மாதம் மெர்சி வந்தாள். கல்லறைக்குப் போய்விட்டு நேராக என் வீட்டுக்கு வந்தாள். அடி வாங்கத் தயாராக நின்றேன்.

“ஹாஸ்டல் கிச்சன்ல எட்டுப் பேரு ஃபோன வெச்சுட்டு முட்டி போட்டுட்டு இருந்தமுங்க. அப்பா மொகம் வரும் வரும்னு பாத்தா, வாயப் பொளந்துட்டு நீங்க! அப்படியே நின்னுருச்சு. திரும்ப வந்துரும்னு முக்கா மணி நேரம் உங்க வாயையே பாத்துட்டு அழுதமுங்கண்ணா.”

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜெபாவும் சிரித்துவிட்டாள். “என்னைய மன்னிச்சுரு கண்ணு,” என்று அழுதது நான் ஒருவன்தான்.

“இப்ப அப்பாவ நெனச்சுக் கண்ண மூடுனா, அந்த வாய்தானுங்க மொதல்ல வருது,” என்றாள்.

அன்றிலிருந்து அவள் என்னை அண்ணா என்று கூப்பிடுவதில்லை. வீடியோ காலில் வந்தால், “என்னங்கப்பா, சாப்டீங்களா?” என்றுதான் ஆரம்பிப்பாள். எனக்கும் அவளுக்கும் எட்டு வயதுதான் வித்தியாசம். வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். “வாயத் தொறந்து காட்டுங்க, அப்பத்தான் உங்க மகளுக்கு அடையாளம் தெரியும்,” என்று ஜெபா ஃபோனை என் பக்கம் திருப்புவாள். நானும் திறந்து காட்டுவேன். சில நாள் மெர்சி மட்டும் சிரிக்க மாட்டாள்; ஃபோனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.