முருகம்மாளின் ஆடிச்சுற்றும் எங்கள் யோகா வகுப்பும்

அன்பு மருமகன் மாரிக்கண்ணனுக்கு,

சங்கரன்கோவிலிலிருந்து தாய்மாமன் சண்முகையா எழுதுவது. நானும் உன் அத்தையும் சௌக்கியம். உன் சௌக்கியத்துக்கும், தலைமை அலுவலகத்தில் உனக்குக் கிடைத்திருக்கும் புதுப் பதவிக்கும் கோமதியம்மன் துணையிருப்பாள். மெயிலில் அனுப்பினால் நாலு பேர் படிப்பார்கள் என்பதால் தபாலில் எழுதுகிறேன்.

விஷயம் யோகா. நம் விதைக் கம்பெனி ஊழியர்களுக்கு உடற்பயிற்சிப் படி கொடுக்கிறதே, அதில் ஜிம்முக்கு உண்டு, எத்தனை அடி நடந்தோம் என்று செல்போனில் காட்டினால் உண்டு, யோகாவுக்கு மட்டும் கிடையாதாம். "நின்ற இடத்திலேயே நிற்பது உடற்பயிற்சி ஆகாது" என்று உங்கள் பிரிவிலிருந்து பதில் வந்திருக்கிறது. அம்மனே ஒற்றைக்காலில் நின்று தவமிருந்த ஊருக்கு அனுப்புகிற பதிலா இது? கடையநல்லூரிலிருந்து சாஜிதா பானு டீச்சர் காலை பஸ் பிடித்து வந்து, எங்கள் குடோனில் விதை மூட்டைகளுக்கு நடுவே ஆறு பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறார். முதல் நாள் குனிந்தபோது என் கை முழங்காலைத் தாண்டவில்லை. "அண்ணாச்சி, மூச்ச விடுங்க, மூட்ட தூக்குத மாதிரி முக்காதீய" என்றார். மூன்றே மாதம்தான், எட்டு வருஷத்துக்குப் பிறகு என் செருப்பு வாரை நானே குனிந்து மாட்டினேன் மருமகனே! சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது. உன் அத்தை தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். கம்பெனி மனது வைக்காவிட்டால் இந்த மாதத்தோடு வகுப்பு நின்றுவிடும்.

'நடையில் உங்கள் கிளைதான் முதலிடமாயிற்றே, யோகா எதற்கு?' என்று கேட்பாய். அந்த நடை எங்களுடையது இல்லை. எங்களுக்கு டீ கொண்டுவரும் முருகம்மாள், ஆடித்தபசுத் திருவிழா முடிவதற்குள் நாளுக்குக் கொஞ்சமாகக் கோயிலை ஆயிரத்தொரு சுற்று சுற்றுவதாக நேர்ந்திருந்தாள். டிரைவர் மூக்காண்டி எங்கள் ஆறு பேர் போனையும் மஞ்சப்பையில் போட்டு அவள் கையில் கொடுத்துவிட்டான். "அம்மன் கால் வலியப் பங்கு வாங்கத்தான் நான் சுத்துதேன். ஒங்க போன் கனத்துல எனக்குல்லா கால் வலிக்கு!" என்று அவள் போட்ட சத்தம் ரத வீதி முழுக்கக் கேட்டது. நாற்காலியை விட்டு எழாமல் பில் போடுகிற நான் ஒரே நாளில் அறுபதாயிரம் அடி நடந்ததாகப் போன் சொல்லிற்று. நீங்களும் மெச்சி ஒரு ட்ரெட்மில் பரிசாக அனுப்பினீர்கள். குடோனில் வைத்தோம், யோகாவுக்குப் பாய் விரித்த இடத்தில் பாதி போயிற்று. மூக்காண்டி அதில் சட்டை காயப்போடுகிறான்.

ஆகையால் உண்மையை மேலிடத்தில் அப்படியே சொல்லி, யோகாவுக்குப் படி வாங்கிக் கொடு. என் பேர் கெட்டாலும் பரவாயில்லை, வகுப்பு நிற்கக் கூடாது.

அக்காவுக்கு என் வணக்கம். நீயும் பிள்ளைகளும் இடுப்பு வலி அறியாமல் நூறாண்டு இருக்க ஆசி.

இப்படிக்கு,
சண்முகையா

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது உங்கள் ஆபீஸிலிருந்து போன். கம்பெனியின் சிறந்த நடையாளர் நான்தானாம். கோயம்புத்தூர் விழாவில் முதலாளி கையால் பதக்கம், அப்படியே குடும்பத்தோடு ஊட்டியில் இரண்டு நாள். உன் அத்தை அதற்குள் இரவல் ஸ்வெட்டர் வாங்கி வந்துவிட்டாள். ஆகவே, மேலே முருகம்மாளைப் பற்றி எழுதிய எதுவும் நடக்கவில்லை. மேடையில் ரகசியம் என்ன என்று கேட்டால் "யோகா" என்று சொல்லிவிடுகிறேன். படி தானாக வந்துவிடும். நீ ஒன்று மட்டும் செய், குடும்பம் என்ற இடத்தில் மூன்று பேர் என்று போட்டுவிடு. வாசலில் டீத் தூக்கோடு முருகம்மாள் நிற்கிறாள்: "நடந்தது நானு, ஊட்டிக்கு நீங்களா? நானும் வாரேன் அண்ணாச்சி."