எதிரே வந்த ஹாலாஸ்யம்

விறகுக்காரி மாயக்காளைக் காணவில்லை. வெள்ளிக்கிழமை மாலை மணி ஐந்தாகப் போகிறது. அடுத்த வீட்டு அனந்தநாராயணன் பெட்டியைப் பூட்டிவிட்டான். ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துப் பார்த்து ஹாலாஸ்யத்துக்குக் கழுத்து வலித்தது.

அனந்தநாராயணன் மெட்ராஸ் ரயிலைப் பிடிக்க வேண்டும். நாளைக் காலை அங்கே டோஃபல் பரீட்சை. அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர் ஒரு யூனிவர்சிட்டியில் மேல்படிப்புக்கு இடம் பார்த்து வைத்திருந்தார். தனக்கு இங்கிலீஷ் வரும் என்று இந்தப் பரீட்சையில் காட்டிவிட்டால் போதும், பறக்க வேண்டியதுதான்.

இதற்கு முன்பும் இரண்டு முறை கிளம்பினான். இரண்டு முறையும் அவன் வாசல்படி தாண்டும்போது மாயக்காள் விறகுக்கட்டோடு எதிரே வந்தாள். சகுனம் சரியில்லை என்று உள்ளே போய்த் தண்ணீர் குடித்தவன் மறுபடி வெளியே வரவேயில்லை. இரண்டு முறையும் ஹாலாஸ்யம் வீட்டில் ரவா கேசரி.

அவருக்கு ஏன் இந்த வயிற்றெரிச்சல்? தல்லாகுளத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் அவர் ஹெட்கிளார்க். அவர் எழுதிய இங்கிலீஷ் கடிதத்தைப் பெரிய அதிகாரிகள் எழுந்து நின்று படிப்பார்கள் என்று அவரே சொல்லிக்கொள்வார். தெருவில் யாருக்குத் தந்தி வந்தாலும் படிக்க அவரிடம்தான் ஓடிவருவார்கள். அதே ஆபீசில் நேற்று வந்து சேர்ந்த ஜூனியர் இன்ஜினீயர் அனந்தநாராயணன், நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத பயல், அமெரிக்காக்காரனிடமே இங்கிலீஷுக்குச் சர்டிபிகேட் வாங்கிவிட்டால் அப்புறம் ஹாலாஸ்யத்தை யார் மதிப்பார்கள்? "பக்கத்தாத்துப் பிள்ளையாண்டான் கெட்டிக்காரன்" என்று மனைவி சாவித்ரி சொல்லும்போதெல்லாம் அவருக்கு மோர்க்குழம்பு கசந்தது.

அந்தச் சாவித்ரிதான் இப்போது கொல்லைப்பக்கச் சேதியைக் கொண்டுவந்தாள். அனந்தநாராயணன் மனைவி நாகலக்ஷ்மி மத்தியானமே மாயக்காளிடம் இருந்த விறகு மொத்தத்தையும் வாங்கிக்கொண்டு, அவளைக் கிணற்றடியில் உட்காரவைத்துக் காபி கொடுத்துக்கொண்டிருக்கிறாளாம். நல்ல உஷார் என்று சாவித்ரி மெச்சினாள்.

ஹாலாஸ்யத்துக்கு அப்போதுதான் யோசனை உதித்தது. விறகு போனால் போகட்டும். ஒற்றைப் பிராமணன் எதிரே வருவதைவிட மோசமான சகுனம் உண்டா? நெற்றி நிறைய விபூதியைப் பூசி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். தன்னையே அபசகுனமாக நினைத்துச் சந்தோஷப்பட்ட மனிதர் தல்லாகுளத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அனந்தநாராயணன் படி தாண்டினான். ஹாலாஸ்யம் நேர் எதிரே போய் நின்றார். அவரைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே திரும்பப் பார்த்தான். சிரிப்பைப் பார், திமிர் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

வழியனுப்ப வாசலில் நின்ற நாகலக்ஷ்மி ஒரு நிமிஷம் திகைத்தாள். பிறகு கைகூப்பினாள்.

"மாமா, ஒத்தைப் பிராமணன்தானே ஆகாது? நீங்களும் கூடப் போயிட்டேள்னா ரெட்டையாயிடும். தொணைக்குப் போக இருந்த என் தம்பி ஜுரத்துல படுத்துட்டான். டிக்கெட் இருக்கு."

"எனக்கு ஆபீஸ் இருக்கேம்மா."

"நாளைக்கு ரெண்டாவது சனிக்கிழமை, லீவுதானேன்னா" என்று சாவித்ரி மாற்று வேஷ்டியோடு வந்துவிட்டாள்.

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அனந்தநாராயணன் முகம் தொங்கிப்போனது. கூடப் போனால் கெடுக்க வழியா இல்லை என்று ஹாலாஸ்யம் மனதைத் தேற்றிக்கொண்டார்.

ரயில் சமயநல்லூரைத் தாண்டும் முன்பே வேலையைத் தொடங்கினார். பரீட்சையில் அமெரிக்காக்காரன் பேசும் டேப்பைப் போட்டுக் கேள்வி கேட்பார்களாம். பயலைக் குழப்ப வேண்டும். மூக்கால், மூச்சுவிடாமல், பாதி எழுத்தை விழுங்கி இங்கிலீஷ் பேசிக்கொண்டே வந்தார். எதிரே இருந்தவர் திண்டுக்கல்லில் இடம் மாறிப் போய்விட்டார். அனந்தநாராயணனுக்குப் பெரியவரைத் தட்ட முடியவில்லை, தலையாட்டிக்கொண்டே கேட்டான்.

காலையில் பரீட்சை ஹால் வாசலில் அவன் பேயறைந்தவன்போல் நின்றான். ஒவ்வொரு கேள்விக்கும் நாலு விடை இருக்கும். சரியானதைப் பென்சிலால் கறுப்பாக்க வேண்டும்.

"தெரியாததை எல்லாம் விட்டுட்டு வந்துடலாம்னு இருக்கேன் சார்" என்றான்.

ஹாலாஸ்யத்துக்குப் பொறி தட்டியது. தப்பு விடைக்கு மார்க்கைக் குறைப்பார்கள் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தார்.

"விடப்படாது. தெரியலேன்னா கண்ணை மூடிண்டு எதையாவது கறுப்பாக்கு. ஒண்ணைக்கூட விடமாட்டேன்னு மீனாக்ஷி மேல சத்தியம் பண்ணு."

அவன் பரிதாபமாக விழித்துவிட்டுச் சத்தியம் பண்ணினான். திரும்பி வருகிற வழியெல்லாம் ஹாலாஸ்யம் நிம்மதியாகக் குறட்டை விட்டார்.

இரண்டு மாதம் கழித்து நாகலக்ஷ்மி தட்டு நிறையப் பால்கோவாவோடு வந்தாள். யூனிவர்சிட்டி கேட்டது ஐந்நூற்றைம்பது. அவன் அறுநூறைத் தாண்டிவிட்டான். இந்தப் பரீட்சையில் பாஸ், பெயில் கிடையாது, தப்புக்கு மார்க் குறைப்பதும் கிடையாது, விட்டால்தான் நஷ்டம் என்று அவள் அண்ணா எழுதியிருந்தாராம்.

"ரயில்ல உங்க இங்கிலீஷைக் கேட்டப்பறம் அந்த டேப் தண்ணி பட்ட பாடா இருந்துதாம். எல்லாம் உங்க ஆசீர்வாதம் மாமா."

ஹாலாஸ்யம் பால்கோவாத் தட்டைச் சாவித்ரி பக்கம் தள்ளிவிட்டார். தன் கையாலேயே தன் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டோமே என்று அன்று முழுக்கப் புழுங்கினார்.

அமெரிக்காவுக்குக் கிளம்பும் நாளில் தெரு திரண்டு நின்றது. ஹாலாஸ்யத்தின் காலில் விழுந்து எழுந்த அனந்தநாராயணன் தேம்பித் தேம்பி அழுதான். ஆனந்தக் கண்ணீரைப் பார் என்று அவர் பொருமினார். டாக்ஸி முனையில் திரும்பி மறைந்ததும் பெருமூச்சு வந்தது.

"ஹூம். குடுத்து வெச்சவன்."

பக்கத்தில் மாயக்காள் வெறுங்கையோடு நின்றுகொண்டிருந்தாள். நாகலக்ஷ்மி இன்றும் அவள் விறகு மொத்தத்தையும் வாங்கிவிட்டிருந்தாள்.

"அவரு எங்கிட்டு சாமி குடுத்து வச்சாரு? சீமைக்குப் போக மாட்டேன்னு சம்சாரத்துக்கிட்டச் சொல்லப் பயந்துக்கிட்டு, ரெண்டு தடவையும் எதுக்க வரச் சொல்லி எனக்குல்ல காசு குடுத்தாரு. நீங்கதேன் ஓசியில எதுக்க வந்து, அந்த மனுசன நாடு கடத்திப்புட்டீக."